ஜொகூர் பாருவில் வீடா, உட்லண்ட்ஸில் அறையா?

சிங்கப்பூரில் வேலை உறுதியானதும் மலேசியர் வீடுகளில் அடுத்த பேச்சு இதுதான்: ஜொகூர் பாருவிலேயே இருந்துகொண்டு தினமும் கடற்பாலம் தாண்டிப் போய் வருவதா, அக்கரையில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிடுவதா? "அங்க சம்பாதிச்சு இங்க செலவு பண்ணு, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பார் ஒரு மாமா. பல வருஷம் போய் வந்து அலுத்துப்போன இன்னொருவர் "வேணாம்பா, தூக்கமே இருக்காது" என்பார். இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் வேறு வேறு ஆட்களுக்கு. தனியாளுக்கு ஒரு கணக்கு, பிள்ளைகுட்டி உள்ளவருக்கு முற்றிலும் வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் இத்தனை குழப்பம்.

முன்குறிப்பு ஒன்று: இங்கே 'வெள்ளி' என்று வருவதெல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.

கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். 1923-இல் முதலில் ரயில் ஓடியது. 1973 மே மாதம் வரை இரு நாட்டுக் காசும் ஒன்றுக்கு ஒன்று செல்லும். இன்று ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. இந்த வித்தியாசம்தான் தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் பாலம் தாண்ட வைக்கிறது. காலையில் மலேசியர் வேலைக்குத் தெற்கே போகிறார்கள். சிங்கப்பூரர் மளிகை வாங்க, முடி வெட்ட, பல் பிடுங்க வடக்கே வருகிறார்கள். ஜொகூர் பாரு ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரலில் இருந்து, பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸுக்கு ஐந்து நிமிஷத்தில் போகும் தெப்ராவ் ஷட்டில் ரயிலின் கட்டணத்தைப் பார்த்தாலே இது புரியும். போகும்போது 5 ரிங்கிட், திரும்பும்போது 5 வெள்ளி. அதே ரயில், அதே தண்டவாளம், திரும்பி வர மட்டும் மூன்று மடங்குக்கு மேல். அந்தப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் நெரிசல் நேரத்துக்கு டிக்கெட் கிடைப்பது அபூர்வம், அது வேறு விஷயம்.

சட்டம் யாருக்கு என்ன வழி விடுகிறது?

கணக்குப் போடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். வாடகையை மணிக்கணக்கில் ஒப்பிட்டுவிட்டு, கடைசியில் அந்த வழியே தனக்கு இல்லை என்று தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்கள் "ஜொகூரில் வாடகை கம்மியாமே, நாங்களும் போய்த் தங்கலாமா?" என்று கேட்பதுண்டு. மலேசியா இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிப்பது சுற்றிப் பார்க்கத்தான். அந்த அனுமதியில் அங்கே குடியிருந்து தினமும் வேலைக்குப் போய் வர முடியாது. மலேசியக் குடிநுழைவு முத்திரையை வாரம் ஐந்து நாள் வாங்கிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு நாள் அதிகாரி நிறுத்திக் கேட்கத்தான் செய்வார். ஆக, இந்தக் கட்டுரையின் கேள்வி பெரும்பாலும் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கானது.

அவர்களிலும் குடும்பஸ்தர்களுக்கு ஒரு பெரிய தடை உண்டு. சிங்கப்பூரில் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ள டிபென்டன்ட் பாஸ் வேண்டும். எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற உயர்நிலை வேலை அனுமதியில் இருந்து, மாதம் 6,000 வெள்ளியாவது வாங்குபவருக்குத்தான் அது கிடைக்கும். சாதாரண வேலை அனுமதி அட்டைக்கு வழியே இல்லை. ஆக, 6,000-க்குக் கீழே வாங்கும் குடும்பஸ்தருக்குக் 'குடும்பத்தோடு சிங்கப்பூரில்' என்ற தேர்வே கிடையாது. அவர் முன்னால் இருப்பவை இரண்டுதான்: தினமும் போய் வருவது, அல்லது தான் மட்டும் அங்கே தங்கி வார இறுதியில் வீட்டுக்கு வருவது. வாடகையைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

தனியாளின் கணக்கு

கல்யாணம் ஆகாத ஒரு டெக்னீஷியனை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி, வாரம் 44 மணி நேரம், மாதத்துக்கு 22 நாள் வேலை. ஒரு வெள்ளிக்கு மூன்றேகால் ரிங்கிட் என்று வைப்போம். இவை உதாரணத்துக்காக நான் போட்ட எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

ஜொகூரில் ஓர் அறை 650 ரிங்கிட், அதாவது 200 வெள்ளி. உட்லண்ட்ஸ் பக்கம் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறை 900 வெள்ளி. வித்தியாசம் 700. காலைப் பசியாறலும் இரவுச் சாப்பாடும் ஜொகூரில் என்றால் இன்னொரு 180 மிச்சம். பஸ்ஸில் போனால் போக்குவரத்துக்குக் கூடுதலாக 30 வெள்ளி ஆகிறது என்று வைப்போம். மோட்டார் சைக்கிளில் போனால் கூடுதல் செலவு 80. சிங்கப்பூருக்குள் நுழைய மோட்டார் சைக்கிளுக்கு நாள் ஒன்றுக்கு 4 வெள்ளி கட்ட வேண்டும். 22 நாளைக்கு அதுவே 88. பெட்ரோல், டயர், பார்க்கிங் எல்லாம் சேர்த்து, அங்கே தங்கியிருந்தால் ஆகக்கூடிய எம்ஆர்டி (நகர ரயில்) செலவைக் கழித்தால் 80 வருகிறது. ஆக, பஸ்காரருக்கு மாதம் 850 வெள்ளி மிச்சம், மோட்டார் சைக்கிள்காரருக்கு 800.

இப்போது நேரம். அங்கே தங்குகிறவரோடு ஒப்பிட்டால் பஸ்காரருக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் அதிகம் போகிறது என்று வையுங்கள். மாதத்துக்கு 66 மணி. மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒன்றரை மணி, மாதத்துக்கு 33. வகுத்துப் பாருங்கள். பாலத்தில் செலவாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பஸ்காரர் 'சம்பாதிப்பது' 13 வெள்ளிக்கும் சற்றுக் குறைவு. மோட்டார் சைக்கிள்காரர் 24 வெள்ளி. அவர்களுடைய சம்பளத்தையே மணிக்கணக்கில் போட்டால் 12.60 வருகிறது, ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 18.90.

நான் பார்த்தவரை இந்தக் கணக்கை யாரும் இப்படிப் போடுவதில்லை. வாடகை வித்தியாசத்தை மட்டும் பார்த்து "எழுநூறு வெள்ளி மிச்சம்" என்று முடித்துவிடுகிறார்கள். பஸ்ஸில் போய் வரும் தனியாள் உண்மையில் செய்வது, தன் சம்பள விகிதத்திலேயே மாதம் 66 மணி நேரம் வரிசையில் நிற்கும் இன்னொரு வேலை. கம்பெனியில் ஓவர்டைம் தாராளமாகக் கிடைக்கும் என்றால், அக்கரையில் தங்கி அதில் பாதி நேரம் ஓவர்டைம் பார்த்தாலே 620 வெள்ளிக்கு மேல் வந்துவிடும். மீதிப் பாதி தூங்கலாம். ஓவர்டைம் இல்லாத இடமென்றால் இந்த வாதம் ஓடாது.

மோட்டார் சைக்கிள் லாபமாகத் தெரிகிறது. காரை இதில் சேர்க்கவே வேண்டாம், நாள் ஒன்றுக்கு நுழைவுக் கட்டணமே 35 வெள்ளி. ஆனால் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்கும் அந்த 24 வெள்ளி சும்மா வரவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஜொகூர் பக்கத்து மோட்டார் சைக்கிள் தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கைப்பிடியோடு கைப்பிடி உரச, ஒரு காலைத் தரையில் ஊன்றித் தள்ளித் தள்ளி நகரும் கூட்டம். முன்னால் நிற்பவரின் புகை நேரே முகத்தில். மழை பிடித்தால் மேம்பாலத்தின் அடியில் நூறு பேர் ஒரே நேரத்தில் ஓரங்கட்டி மழைக்கோட்டு மாட்டுவார்கள். பின்னால் வருகிறவருக்கு நிற்க இடமிருக்காது. முன்பெல்லாம் ஈரக் கட்டைவிரலை ரேகைக் கருவி எடுக்காமல் சட்டையில் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் கியூஆர் குறியீடு வந்தபின் கடப்பிதழைத் தேடுகிற நேரமாவது மிச்சம். தூக்கக் கலக்கத்தில் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துவிட்டு இதே கூட்டத்தில் திரும்புவதுதான் ஆபத்து. இருபத்தைந்து வயதில் தெரியாது; நாற்பதில் முதுகு சொல்லிவிடும்.

பஸ் பாதுகாப்பு, ஆனால் அதன் அலுப்பு வேறு மாதிரி. 'சிஐகியூ' என்கிற ஜொகூர்க் கட்டடத்தில் குடிநுழைவு முடித்துக் கீழே இறங்கி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஏறி ஒரு கிலோமீட்டர் போனதும் மூட்டை முடிச்சோடு உட்லண்ட்ஸில் இறங்க வேண்டும். அங்கே இன்னொரு குடிநுழைவு. வந்த பஸ் நமக்காகக் காத்திருக்காது. அதே எண்ணுள்ள அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி வரிசை. 170, 950, அல்லது மஞ்சள் நிற சிடபிள்யூ பஸ்கள், எதுவானாலும் இதே கதை. பாலம் அடைத்துக்கொண்ட நாள்களில் பஸ்ஸை விட்டிறங்கி ஓரமாக நடந்தே போய்விடுகிறவர்களும் உண்டு. பல நேரம் அவர்கள்தான் முன்னால் போய்ச் சேருகிறார்கள்.

கம்பெனி பஸ் உள்ள வேலை என்றால் மேலே சொன்னதில் பாதி மாறிவிடும். ஜொகூரின் மாசாய், ஸ்கூடாய் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) விடியற்காலையில் வந்து ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடலாம். குடிநுழைவில் மட்டும் எழுந்து இறங்க வேண்டும். வேலையை ஒப்புக்கொள்ளுமுன் "பஸ் உண்டா, எந்தத் தாமான் வரைக்கும் வரும்?" என்று கேட்பது, சம்பளத்தில் ஐம்பது வெள்ளி கூட்டிக் கேட்பதைவிடப் பிரயோஜனம்.

சரி, அக்கரையில் அறை எடுத்தால் எல்லாம் சுகமா? அதுவும் இல்லை. மலேசியர் என்பதால் வேலை அனுமதி அட்டை வைத்திருந்தாலும் வீவக அறை எடுக்கலாம், அது ஒரு வசதி. ஆனால் விளம்பரங்களைப் பார்த்தால் 'சமையல் கூடாது', 'லேசான சமையல் மட்டும்', 'விருந்தினர் கூடாது' என்று வரிசையாக இருக்கும். இந்தியர் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியவையும் கண்ணில் பட்டிருக்கின்றன. எழுதாமல் போனில் பேச்சை மாற்றுகிறவர்கள் அதைவிட அதிகம். தமிழ் வீட்டுக்காரர் கிடைத்தால் ஒரு சாம்பார் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் வீட்டு வரவேற்பறையில் காலை நீட்டி உட்கார முடியாது. 900 வெள்ளிக்குக் கிடைப்பது ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஏர்கான் போட நேரக் கட்டுப்பாடு.

இத்தனைக்கும் பிறகு தனியாளுக்கு என் பரிந்துரை அக்கரைதான். கம்பெனி பஸ் இருந்தாலோ, ஜொகூரில் அப்பா அம்மா வீடு வாடகையில்லாமல் இருந்தாலோ மட்டும் மறுபரிசீலனை செய்யலாம்.

குடும்பத்தின் கணக்கு

இங்கே எண்கள் சண்டையே போடுவதில்லை. மூன்று படுக்கையறைத் தரைவீடு ஒன்றை ஜொகூரின் புறநகர்த் தாமானில் எடுக்கும் வாடகைக்குச் சிங்கப்பூரில் அறையே வராது. முழு வீவக வீடு என்றால் ஆயிரக்கணக்கான வெள்ளி. அதனால் பணத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்ப்போம்.

ஜொகூர் பாருவில் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கலாம். ஜாலான் யாஹ்யா அவால் தமிழ்ப்பள்ளி போன்றவை ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ஆறாம் ஆண்டு வரை கணக்கும் தமிழில் சொல்லித்தருவார்கள். இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாற வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடமாக உண்டு. மற்ற பாடமெல்லாம் ஆங்கிலம். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அங்கே அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது சுலபமில்லை, கட்டணமும் குடிமக்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு. ஜொகூரில் இருந்து விடியற்காலையில் சீருடையோடு பாலம் தாண்டிச் சிங்கப்பூர்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கே தாங்காத பாடு அது.

தினமும் போய் வரும் அப்பாவோ அம்மாவோ பிள்ளை விழிப்பதற்கு முன்னால் கிளம்பி, எட்டரை ஒன்பதுக்குத் திரும்புவார்கள். வீட்டுப்பாடம் பார்ப்பது, ஆசிரியரைச் சந்திப்பது, காய்ச்சலுக்கு கிளினிக் ஓடுவது எல்லாம் ஜொகூரில் இருப்பவர் தலையில். இருவருமே அக்கரையில் வேலை பார்த்தால் பாட்டி இல்லாமல் அந்த வீடு நடக்காது. இதைப் பணத்தில் எழுதிக் காட்ட முடியவில்லை, ஆனால் முடிவு எடுக்கும்போது முதலில் வைக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு விஷயத்தில் நிலைமை சுலபமாகியிருக்கிறது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையுமாக இருந்தது. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் சனி ஞாயிறு விடுமுறை, பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி. குடும்பம் ஒன்றாக இருந்தது சனிக்கிழமை ஒரு நாள்தான். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. தைப்பூசம் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை: ஜொகூரில் பொது விடுமுறை, சிங்கப்பூரில் இல்லை. காவடி எடுக்கும் வீட்டில் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

வாரக் கணக்கில் தங்கி வார இறுதியில் திரும்புவது இரண்டுக்கும் நடுவான நல்ல வழி போலத் தெரியும். உண்மையில் அதில் இரண்டு வாடகை. அதற்கும் மேல், பலர் கவனிக்காத ஒரு சிக்கல்: மலேசியப் பதிவெண் கொண்ட வாகனத்தைச் சிங்கப்பூரில் ஓட்ட, வேலை அனுமதி வைத்திருப்பவர் சிங்கப்பூரில் வசிக்காதவராக இருக்க வேண்டும். அங்கே அறை எடுத்துவிட்டு ஜொகூர் மோட்டார் சைக்கிளை வாரம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தால் அது குற்றம். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ் பிடிக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பவும் கூடாது. வார இறுதிக்குச் சாப்பிட வரும் சிங்கப்பூரர் கூட்டமும் நம் கூட்டமும் ஒன்றாக வந்து விழும் நேரம் அது. இரவு நன்றாகச் சாய்ந்தபின் கிளம்பினால் தப்பலாம். ஆனாலும் மாதம் 6,000-க்குக் கீழே வாங்கி, துவாஸிலோ சாங்கியிலோ நீண்ட ஷிஃப்ட் பார்க்கும் குடும்பஸ்தருக்கு இதைத்தான் சொல்வேன். தினமும் பாலம் தாண்டி வந்து வீட்டில் தூங்க மட்டும் செய்கிறவரால் வீட்டுக்கும் பெரிதாக லாபமில்லை.

ரயில் வருகிறதே?

உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூரின் புக்கிட் சாகாருக்கும் இடையே ஆர்டிஎஸ் ரயில். நான்கு கிலோமீட்டர், ஐந்தாறு நிமிஷப் பயணம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். கிளம்பும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும்; இறங்கி ஏறும் கதை இல்லை. முதலில் 2024 இறுதி என்று பேசி, பிறகு 2026 இறுதி என்று ஒப்பந்தம் மாறியது.

இது பெரிய மாற்றம்தான். ஆனால் புக்கிட் சாகாருக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருப்பவருக்கு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிதாக மற்றவர்களுக்கு இருக்காது. மாசாயிலோ உலு திராமிலோ இருப்பவர் முதலில் நகரத்துக்குள் வர வேண்டும், அந்தச் சாலையும் நெரிசல்தான். நிலையத்தை ஒட்டிய காண்டோக்களின் வாடகை ரயில் வருவதற்கு முன்பே ஏறிவிட்டது. கிடைக்கப்போகும் மிச்சத்தில் ஒரு பகுதியை வீட்டுக்காரர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். வேலை ஜூரோங்கிலோ துவாஸிலோ என்றால் ரயிலை மறந்துவிட்டு கேலாங் பாத்தா, புக்கிட் இண்டா பக்கம் வீடு பாருங்கள். 1998-இல் திறந்த இரண்டாம் பாலம் உங்களுக்குத்தான் பக்கம்.

இரு தரப்புக்கும் பொதுவாக இரண்டு விஷயம். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்குச் சிங்கப்பூரில் மத்திய சேம நிதி கிடையாது. கையில் வரும் சம்பளம் பெரிதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். மலேசிய ஊழியர் சேமநிதியில் தானாக முன்வந்து மாதாமாதம் போடவில்லை என்றால் ஐம்பத்தைந்து வயதில் ஒன்றும் இருக்காது. மேலே கணக்கில் வந்த 800 வெள்ளி மிச்சத்தில் ஒரு பங்கு அங்கே போனால்தான் அது மிச்சம்.

இன்னொன்று, 2020 மார்ச் 18. மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்ததும் முந்தின இரவு பையைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டியவர்கள், இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்று நினைத்தார்கள். அந்த ஆகஸ்டில் வந்த ஏற்பாட்டில்கூட, வீட்டுக்குப் போகச் சிங்கப்பூரில் குறைந்தது 90 நாள் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. இன்னொரு முறை அப்படி நடக்கும் என்று பயந்து வாழ முடியாது. ஆனால் ஒரு வாரத்துக்கான துணிமணியோடு அக்கரையில் போய்த் தங்க ஒரு நண்பர் வீடாவது இருக்கிறதா என்று தினமும் போய் வருகிறவர் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எதில் முதலில் இறங்குவது என்று தெரியாவிட்டால் ஒப்பந்தக் காலத்தைப் பாருங்கள். வீவக அறைக்குக் குறைந்தபட்சம் ஆறு மாதம். ஜொகூரில் பெரும்பாலும் ஒரு வருஷம், இரண்டு மாத முன்பணம். புதிதாக வேலையில் சேருகிறவர் முதல் ஆறு மாதத்தை அக்கரையில் கழித்தால், வேலை நிலைக்கிறதா, ஓவர்டைம் எவ்வளவு, கம்பெனி பஸ் நேரத்துக்கு வருகிறதா என்பதெல்லாம் சக ஊழியர்களைப் பார்த்தே தெரிந்துவிடும். ஜொகூர் வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி வேலை இடம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு காட்டும் ஏஜென்ட் 'சிஐகியூ பத்தே நிமிஷம்' என்றுதான் சொல்வார்.